நான் போடாத சோழி

எழுந்து வந்து சண்டை போட முடியாத என் அருமை மச்சான் சந்தியாகுவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எத்தனையோ நாள் சங்கு குளிக்க இறங்கினாயே, கடல் உன்னை ஒன்றும் செய்யவில்லை. பாழாய்ப்போன காய்ச்சல் ஒன்பது நாளில் கொண்டுபோய்விட்டது. தங்கச்சி புருஷன் குளிக்க இறங்கினால் மச்சான்தான் கயிறு பிடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கூடப் பிறந்தவள் தாலியறுக்க எந்த அண்ணன் கையைத் தளர்த்துவான்? அப்படித்தான் உன் இடுப்புக் கயிறு என் கைக்கு வந்தது. கட்டிலில் கிடந்தவனை இழுத்துப்போட மட்டும் என்னிடம் ஒரு கயிறும் இல்லாமல் போயிற்று.

யுத்தம் முடிந்துவிட்டது, மச்சான். நீ பார்க்கவில்லை. வெடி போட்டார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். மறுநாள் காலையில் அரிசிக்கு அதே வரிசை, மண்ணெண்ணெய்க்கு அதே வரிசை. எனக்கு ரொம்ப அலுப்பாக இருக்கிறது. எழுந்திருக்கும்போதே உடம்பு அசந்துபோய்க் கிடக்கிறது. வயசா, துக்கமா, இந்த ரேஷன் அரிசியா, எதுவென்று தெரியவில்லை.

ஆனால் நான் எழுத வந்தது அதை இல்லை. நம் பாட்டுச் சண்டை தீர்ந்துவிட்டது.

மதராஸ் வாரப் பத்திரிகை ஒன்று, தமிழ்ப் படங்களிலேயே சிறந்த பாட்டுக்குத் தங்கப் பதக்கம் கொடுக்கப்போவதாக அறிவித்தது. ஒவ்வொரு ஊர் ரசிகர் சங்கமும் ஒரே ஒரு பாட்டைத் தேர்ந்து எழுதியனுப்ப வேண்டும். நீ இருந்திருந்தால் அன்றைக்குச் சோறு தின்றிருக்கமாட்டாய். காபி கிளப்பில் காலை முதல் சாயங்காலம் வரை இதே பேச்சு. யார் யாரோ கட்சி கட்டினார்கள், கடைசியில் நம் இரண்டு பாட்டுத்தான் மிஞ்சின. உன் நிலாப் பாட்டு, என் தேர்ப் பாட்டு.

உன்னுடையது படத்துக்குப் புதிதாய் வந்த பெண் ஒருத்தி பாடியது. சோடனை ஒன்றும் இல்லாமல், வாசலில் நின்று யாரையோ சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி பாடியிருப்பாள். என்னுடையது கச்சேரி வித்துவான் தேரோட்டி வேஷம் கட்டிப் பாடியது. எடுத்த எடுப்பில் ஆலாபனை, அப்புறம் பிருகா மேல் பிருகா. நினைவிருக்கிறதா? ஊசி கிடைக்காத காலத்தில் கருவேல முள்ளைச் சீவி மாட்டி, காபி கிளப் அண்ணாச்சியின் கிராமபோனில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டு அடித்துக்கொள்வோமே.

"ஏலே மிக்கேலு, ஒன் ஆளு இழுத்து முடிக்கதுக்குள்ள எனக்கு மூச்சு முட்டிரும்ல" என்பாய்.

"ஒன் பாட்டக் கேட்டா கொட்டாவிதாம்லே வருது. தொட்டில் புள்ளைக்குப் பாடுததுக்கு எதுக்கு ஊரக் கூட்டுத?" என்பேன் நான்.

அப்போது சொல்லாத உண்மையை இப்போது சொல்கிறேன். நீ தண்ணீருக்குள் இருக்கும்போது மேலே நிற்கிறவனுக்கு ஒரு கணக்கு வேண்டும். ஒன்று, இரண்டு என்று எண்ணிப் பார்த்தேன். பயத்தில் எண்ணிக்கை ஓடியது. என் தேர்ப் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். ஆலாபனைக்குத் தாளம் ஏது, எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. உன் நிலாப் பாட்டுத்தான் சரியாக வந்தது. பல்லவி இரண்டு தடவை, சரணம் ஒரு தடவை. சரணத்தின் கடைசி வரிக்கு நீ கயிற்றை வெட்டி இழுப்பாய், நான் உன்னைத் தூக்குவேன். இரண்டு பருவம், நீ முங்கின ஒவ்வொரு முங்குக்கும், கரையில் ஏசிய பாட்டைத்தான் தோணியில் உதட்டுக்குள் பாடிக்கொண்டிருந்தேன். கேலி செய்வாயே என்று மூச்சு விடவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து காபி கிளப்பில் கூடினோம். நம் ரசிகர் சங்கத்துக் காரியதரிசி, நாசரேத்து வாத்தியார் சாமுவேல் சார், வாய் குறுகின மண்கலயம் ஒன்றைப் பலகையில் வைத்தார். நிலாப் பாட்டுக்குச் சோழி, தேர்ப் பாட்டுக்குப் புளியங்கொட்டை. ஆளுக்கு ஒன்று போட வேண்டும்.

தொடங்குமுன் அண்ணாச்சி எழுந்தார். "சந்தியாகு இல்லாம இந்தச் சங்கமே கெடையாது. அவன் பேருக்கு ஒரு சோழி போடணும்யா" என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு என்ன கோபமோ தெரியவில்லை. எட்டு மாதமாக எல்லோரும் இப்படியேதான் பார்க்கிறார்கள். "செத்தவனுக்கு என்னவே ஓட்டு?" என்று விழுந்தேன். அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார்.

என் முறை வந்தது. கையில் இரண்டும் இருந்தன. இப்போது போய்ச் சோழியைப் போட்டால் இரக்கப்பட்டுப் போட்டதாகும், உனக்கு அது பிடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீம்புதான், வேறென்ன? புளியங்கொட்டையைப் போட்டேன். கலயத்தைக் கவிழ்த்து எண்ணினார்கள். ஒன்றே ஒன்று கூடுதலாக என் பாட்டு ஜெயித்தது. நான் கை மாற்றிப் போட்டிருந்தால் உன் பாட்டு மதராஸுக்குப் போயிருக்கும். இளவட்டங்கள் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். இறங்கி வீட்டுக்கு நடந்தேன்.

தங்கச்சி லூர்து முற்றத்தில் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"எந்தப் பாட்டுண்ணே செயிச்சுது?"

"எம் பாட்டுத்தான்."

"நீ எதப் போட்ட?"

துண்டை உதறிக் கொடியில் போட்டேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுளகைத் தட்டிக் கல்லை ஒதுக்கிவிட்டுச் சொன்னாள்.

"அவுக அடிக்கடி சொல்லிச் சிரிப்பாகண்ணே. ஒங்க அண்ணன் கரையில எம் பாட்ட ஏசுதான், தோணியில அதத்தான் பாடுதான்னு."

"தண்ணிக்குள்ள அவனுக்கு எப்படிளா கேக்கும்?"

"கேக்காதாம். நீ பெருவெரலால கயித்துல தாளம் போடுவியாம். அது அங்கன அவுக இடுப்புல வந்து தட்டுமாம். கடைசி வரி வந்தா சங்க விட்டுட்டுக் கயித்த வெட்டி இழுப்பேன்னு சொன்னாக."

"பெறகு ஏன் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா வீம்புக்கு நிறுத்திருவியாம். நிறுத்திட்டா, கீழ தனியா கெடக்க மாதிரி இருக்குமாம்."

நான் அடுப்படியில் போய் நின்று அழுதேன், மச்சான். உன்னைப் புதைத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

மறுநாள் சாமுவேல் சாரைப் போய்ப் பார்த்தேன். என் ஓட்டை மாற்ற முடியுமா என்று கேட்டேன். "தபால்ல சேத்தாச்சே மிக்கேல்" என்றார். என் முகத்தைப் பார்த்தாரோ என்னவோ, சங்கத்துக் கையெழுத்துப் பத்திரிகையை நீட்டினார். "எழுதணும்னா இதுல எழுதும்" என்றார். அதில்தான் எழுதுகிறேன். காபி கிளப் மேஜையில் கிடக்கும். அண்ணாச்சி படிக்கட்டும், என்னைத் தூக்கிக் குதித்தவர்களும் படிக்கட்டும். அண்ணாச்சியிடம் நேரிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பதக்கம் எந்தப் பாட்டுக்குப் போனால் எனக்கென்ன இனி?

அடுத்த வாரம் சங்குக் குளிப்பு தொடங்குகிறது. இனி எவன் கயிற்றையும் தொடுவதில்லை என்றுதான் இருந்தேன். பெரியதாழைக்காரன் ஒருவன், தன் மச்சான் கொழும்புக்குப் போய்விட்டதால் கயிறு பிடிக்க ஆளில்லாமல் மூன்று தடவை வந்து கேட்டுவிட்டான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். உடம்பு ஒத்துழைக்குமா தெரியவில்லை, ஆனாலும் போகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி உதட்டுக்குள் முணுமுணுக்கமாட்டேன். அவன் முங்கினதும், தோணியில் இருக்கிற அத்தனை பேரும் கேட்க, உன் நிலாப் பாட்டை வாய்விட்டுப் பாடுவேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். பெருவிரலும் கயிற்றில் தட்டும். கீழே கிடக்கிறவன் தனியாக இருக்கக் கூடாது.

இப்படிக்கு,
கரையில் உன்னோடு சண்டை போட்டு, தோணியில் உன் பாட்டையே பாடிய உன் மச்சான்
மிக்கேல்