சிவப்பு மையில் ஒரு வரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டுத் தூங்கிச் சண்டை போட்டு நலமாகவே இருக்கிறோம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் அதே மாதிரி இருந்தால் எனக்கு அதுவே போதும். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, வாய்தான் குறையவில்லை. தம்பி தினமும் மருத்துவமனையில் தொலைபேசி எடுக்கும் வேலைக்குப் போய் வருகிறான், தொலைபேசியில் அவன் குரலைக் கேட்டாலே பாதி நோய் போய்விடுகிறது என்று அங்கே ஒரு நர்ஸ் சொன்னாளாம், அதை என்னிடம் நாலு தடவை சொல்லிவிட்டான்.

நான் உங்கள் இரண்டு பேருக்கும் செய்த மாதிரியே வாண்டுவைப் பள்ளிக்கு அனுப்பாமல் நீயே வீட்டில் சொல்லிக்கொடுக்கப் போவதாகவும், நம் பழைய பறவை நோட்டுகளை அனுப்பும்படியும் எழுதியிருந்தாய். பெருமையாகத்தான் இருந்தது. பெட்டியை இறக்கி நோட்டுகளைத் துடைத்து வைத்து ஒன்பது நாள் ஆகிறது, அனுப்பக் கை வரவில்லை. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் நீ, தம்பி, நான் மூன்று பேரும் ஏரிக்கரைக்குப் போவோமே, திரும்பி வந்து சமையலறை மேசையில் நீங்கள் இரண்டு பேரும் எழுதுவீர்கள், கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும் என்பது என் சட்டம். தம்பி மூக்கு தாளில் உரச எழுதுவான், எழுத்தின் மேல் அத்தனை ஆசை என்று நினைத்தேன். பாடத்தைப் புத்தகம் பார்க்காமல் ஒப்பிப்பான், இப்படி ஒரு ஞாபகசக்தியைக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு தினமும் நன்றி சொன்னேன். நீ படிப்பதைக் காதால் கேட்டுத்தான் ஒப்பித்தான் என்று எனக்குத் தெரியவில்லை. "ரெண்டு வருஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஒரு கண்ணையாவது காப்பாத்தியிருக்கலாம்" என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எல்லாம் புரிந்தது. பள்ளியில் கரும்பலகை ஒரே வாரத்தில் காட்டிக்கொடுத்திருக்கும். அன்றிலிருந்து பிரார்த்தனையில் உட்காருகிறேன், நன்றி என்ற சொல் மட்டும் வாயில் வருவதில்லை.

இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததைச் சொல்கிறேன். உங்கள் இரண்டு நோட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், நீ வால் நுனி கறுப்பு என்றால் அவனும் வால் நுனி கறுப்பு என்கிறான், ஒரு சொல் மாறவில்லை. அவன் காதில் நீ சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாய். ஒரு நாள் மட்டும் உனக்குக் காய்ச்சல், அவனும் நானும் போயிருக்கிறோம். அன்றைக்கு அவன் எழுதியது, "இன்று பறவை ஒன்றும் இல்லை. சத்தம் மட்டும் நிறைய இருந்தது." அதன் கீழே சிவப்பு மையில் என் எழுத்து, "கவனம் போதாது. மறுபடி பார்."

இப்போது அந்த மேசையைத் துடைக்கப் போனாலே பென்சில் உரசுகிற சத்தம் கேட்கிறது. பிரமை என்று தெரியும், தெரிந்தும் கை நின்றுவிடுகிறது. மேசையைத் தூக்கிப் போடலாம் என்கிறார் அப்பா, எனக்கு அதுவும் முடியவில்லை. தம்பியிடம் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். "அதுவரைக்கும் அக்கா கண்ணால பார்த்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன், அன்னைக்கு அக்கா இல்ல, அதான் உள்ளதை எழுதினேன்" என்று சிரித்துவிட்டு டீ கேட்டான். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நீ ஏன் அப்படி அழுதாய் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அந்த நோட்டு எழுதிய காலத்தில் உனக்கு ஒன்பது வயது, தம்பிக்கு உதவி செய்தாய், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தவள் நான், பார்த்திருக்க வேண்டியவளும் நான். அதை இனி நீ சுமக்காதே.

வாண்டுவுக்கு வீட்டிலேயே சொல்லிக்கொடு, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் கண்ணையும் காதையும் டாக்டரிடம் காட்டு, வாரம் ஒரு நாளாவது வேறு யாராவது அவளோடு உட்காரட்டும், பெற்றவள் கண்ணுக்குச் சில விஷயம் தெரியாது. நோட்டுகளை இன்று தபாலில் போடுகிறேன், சிவப்பு மை உள்ள அந்த ஒன்று மட்டும் என்னிடமே இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு என் அன்பு, வாண்டுவுக்கு முத்தம், உங்கள் மூவருக்கும் ஒரு குறையும் வராது. அவள் ஒன்றும் தெரியவில்லை என்று சொன்னால், மறுபடி பார் என்று மட்டும் சொல்லிவிடாதே கண்ணே.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா