தீராத வோல்யா

அன்புள்ள அக்கா,

திரியெஸ்தே நகரில் எனக்காக நீ பார்த்து வைத்திருக்கும் நூலக வேலைக்கு நான் வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். நாற்பத்திரண்டு வயதில் கருவுற்றிருப்பதால் இங்கே என்னை வாசலைக்கூடத் தாண்ட விடுவதில்லை.

கர்ப்பிணியின் ஆசைக்கும், அது தீராவிட்டால் பிள்ளையின் தோலில் விழும் மச்சத்துக்கும் வோல்யா என்று ஒரே சொல் இருப்பதைப் பள்ளியில் கேலி செய்தோமே, இந்த வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. "இன்னைக்கு என்ன வோல்யா, கண்ணு?" என்று மாமியார் தினமும் கேட்கிறார். பருவமே இல்லாத டிசம்பரில் ஸ்ட்ராபெரி கேட்டேன். என் கணவர் துல்லியோ நாற்பது கிலோமீட்டர் காரில் போய் வாங்கி வந்தார்.

நேற்று மதியம் சாப்பிடும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன். "எனக்குத் திரியெஸ்தேல வேலைக்குப் போகணும்னு ஆசையா இருக்கு."

"திங்கிற ஆசையாச் சொல்லு, வாங்கிட்டு வரேன்" என்றார் துல்லியோ, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

மாமியார் என் கையைப் பிடித்து முதுகுப் பக்கம் இழுத்தார். "தீராத ஆசையோட எங்க தொடுறியோ அங்கதான் பிள்ளைக்கு மச்சம் விழும். பின்னாடி தொட்டுக்கோ. உடுப்புக்குள்ள மறைஞ்சிடும்."

நான் கையை விடுவித்துக் கன்னத்தில் முழுதாகப் பதித்துக்கொண்டேன்.

"ஐயோ, எடுடி கையை!" என்று மாமியார் அலறினார். நான் எடுக்கவில்லை. துல்லியோ அப்போதுதான் நிமிர்ந்தார்.

"அது என்ன வேலை?" என்று கேட்டார்.

அந்த இடத்தை வேறு யாருக்கும் விட்டுவிடாதே, அக்கா.

உன் தங்கை