விக்கிரவாண்டி தாண்டுவதற்குள்

கோலியனூர்
12-7-1959

அன்பு மகள் தையல்நாயகிக்கு உன் அப்பா எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, தங்கை அஞ்சலை மூவரும் சுகம், அதுவும் நேற்றுச் சாயந்திரம் உன் தந்தி வந்த பிறகுதான் சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரனும் இம்பாலில் நல்லபடியாக இறங்கிவிட்டீர்கள் என்று கேட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. மூன்று நாளாக இந்த வீடு வீடாகவே இல்லையம்மா.

மழையில் மலைப்பாதை சரிந்துவிட்டது, சில்சாரிலிருந்து வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விமானத்தில் போகிறோம், எழுபது மைல்தான் என்று கல்கத்தாவிலிருந்து நீ போட்ட கார்டு வந்ததோ இல்லையோ, மூணு மாசப் புள்ளைய ஆகாசத்துல தூக்கினு போறாங்களே, இதுக்கா இங்க வெச்சிப் பிரசவம் பாத்து அனுப்பினேன் என்று உன் அம்மா என்மேல் பாய்ந்தாள், என்னவோ விமானத்தை நான் ஓட்டுகிற மாதிரி. ஊருக்குப் போனவர்கள் போய்ச் சேருகிறவரை வீடு பெருக்கக்கூடாது அல்லவா, நீங்கள் ரயிலேறியபோது ஒரு பொழுது மட்டும் பெருக்காமல் விட்டவள், விமானம் என்றதும் வியாழக்கிழமை விடிந்ததுமே துடைப்பத்தைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். எவ்ளோ நேரம் ஆவும்யா என்று கேட்டாள். பதினேழு வருஷம் கண்டக்டர் வேலை பார்க்கிறவனுக்கு இந்தக் கணக்கு வராதா? விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் இருபத்துநாலு மைல், ஒன்றேகால் மணி நேரம். எழுபது மைல் என்றால் அதைப்போல மூன்று நடை. நடுவில் ஆள் ஏற்றி இறக்க ஒரு கால் மணியும் சேர்த்து, ரெண்டு மணிக்கு எறங்கிடுவாங்க, அப்புறம் பெருக்கிக்கோ என்றேன். தந்தி வராம தொடமாட்டேன் என்றுவிட்டாள்.

ஆடிப்பட்டத்து விதைக்கு மல்லாட்டை உடைக்கிற சமயம் வேறு. கூடமெல்லாம் கடலைத் தோல், கால் வைத்தால் நொறுநொறு என்கிறது. அஞ்சலை அதன்மேலேயே பாய் போட்டுப் படுத்தாள். வெள்ளிக்கிழமையும் தந்தி இல்லை, சனிக்கிழமை மத்தியானம் வரை இல்லை, உன் அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. அங்கே மழையில் தந்திக் கம்பி அறுந்து கிடந்ததாம், எங்களுக்கு என்ன தெரியும்? தந்திக்காரர் வந்து, முப்பத்தைந்தே நிமிஷத்தில் சுகமாக இறங்கினார்களாம் என்று படித்துச் சொன்னதும் அவள் அந்தத் தோல் குவியலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, முப்பத்தஞ்சு நிமிஷத்துல உன் பஸ்ஸு விக்கிரவாண்டியாவது தாண்டுமா, நடு ஆகாசத்துல யாரய்யா ஏத்தி எறக்கினே என்று கேட்டாளே பார், தந்திக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். மானம் போனால் போகிறது, நீங்கள் சேர்ந்தீர்களே, அது போதும்.

பேரனுக்குக் காது மூடுகிற குல்லா போடு. வசம்பு தீர்ந்தால் எழுது, அனுப்புகிறேன். இனிமேல் விமானம் ஏறுவதாக இருந்தால் முன்னாலேயே எழுதாதே, இறங்கிய பிறகு எழுது. மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருஷம் இருங்கள்.

ஒன்று சொல்லவேண்டும். உன் அம்மாவை அவ்வளவு கேலி செய்தேனே, அந்த மூன்று நாளும் ஸ்டாண்டில் வண்டி பெருக்குகிற சின்னபொண்ணுவை நானும் பஸ்ஸுக்குள் ஏறவிடவில்லை. இன்னா கண்டக்டரே, சீட்டுக்கு அடியில இவ்ளோ குப்ப கீதே என்று கேட்டாள், நாளைக்குப் பாத்துக்கலாம் போம்மா என்றேன். இன்று காலையில்தான் அவள் துடைப்பத்தை வாங்கி, முன் சீட்டிலிருந்து பின் சீட்டு வரை நானே பெருக்கினேன். பதிலில் இதைப் பற்றி மூச்சு விடாதே, உன் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக்காட்டுவது அஞ்சலை.

இப்படிக்கு,
உன் அப்பா
முருகையன்