சனிக்கிழமை கேட்ட பாட்டு

பாப்பாவின் அப்பாவுக்கு வணக்கம். கடவுள் புண்ணியத்தில் நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

போன ஞாயிறு, "திடீர்னு டூட்டி போட்டுட்டாங்க" என்று போனை வைத்தேனே, அது பொய்; அந்த டூட்டியை நானே கேட்டு வாங்கினேன். அறைத்தோழி, "இசை விழாவுல தொண்டு செய்ய ஆள் கேக்குறாங்க, பக்திப் பாட்டெல்லாம் இருக்குமாம், வாங்கக்கா" என்றாள். சலவைக்கூடத்தில் சனிக்கிழமை ஷிப்டை ஞாயிறுக்கு மாற்றிக்கொண்டு போனேன். வாசலில் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்குக் கையில் அனுமதிப் பட்டை கட்டினேன். பக்திப் பாட்டு ஒன்றுகூட இல்லை; ஆனாலும் கால் தானாகத் தாளம் போட்டது.

அந்த ஞாயிறு எனக்குப் பாடிக்காட்டப் பாப்பா புதுப் பாட்டுக் கற்று வைத்திருந்தாள் என்று வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தீர்கள். அதிலிருந்து சாமி படத்தைப் பார்க்கவே கூசுகிறது.

இந்த ஞாயிறு எனக்கு லீவு. பொய்யை அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். கோபத்தில் பாடமாட்டேன் என்றால் வற்புறுத்தாதீர்கள். போனை அவள் பக்கத்தில் வைத்தால் போதும்.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது.

உங்கள் மனைவி