மரவள்ளிப் பிட்டும் கியூவில் வாங்கின பாணும்

இஞ்சாருங்கோ,

கப்பல் வந்ததால் நீங்கள் துறைமுகத்திலேயே நின்றுவிட்டீர்கள். நீங்கள் கூப்பிட்ட உங்கட பெரிய கிளாக்கர் ஆதம்பாவா மட்டும் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவர். "மரவள்ளிப் பிட்டை வைச்சு என்ர மானத்தை வாங்காதை" என்று காலையில் சத்தம் போட்டீர்களே, அதைத்தான் கீரிமீன் சொதியோடு வைத்தனான். மூன்று தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நீங்கள் விடிய முதல் பேக்கரிக் கியூவில் நின்று வாங்கின பாணைத் தொடவேயில்லை. "என்ர மனுசி பல்கீஸுக்கும் இதைக் காட்டிக் குடுங்கோ" என்றார். அங்கேதான் போறன்.

பாண் அலுமாரிக்குள் இருக்கு. உங்களுக்கு இரவைக்கு அதுதான்.

நல்லம்மா

பி.கு: குசினியில் மூடி வைத்த கோப்பையை எப்படியும் திறப்பீர்கள். பிட்டைச் சாப்பிட்டிட்டு இஞ்சித் தேத்தண்ணி மட்டும் குடிக்காதேங்கோ, மரவள்ளியோடு இஞ்சி சேர்ந்தால் நஞ்சு என்பினம். நாளைக்கும் சண்டை பிடிக்க எனக்கு ஆள் வேணும்.