முதல் வட்டுக்குக் கற்பூரம்

வெள்ளிக்கிழமை, ஏற்காடு.

மூன்று வாரமாக மண்டையைக் குடைந்த விஷயம் இன்று பிடிபட்டது. பிடிபட்டதுதான் தொல்லை.

சேலத்துப் பட்டறையில் நாங்கள் அடிக்கும் நிக்கல் கலவை வட்டுகளில், வெள்ளிக்கிழமை முதல் வட்டு மட்டும் மைக்ராஸ்கோப்பில் கேவலமாக இருக்கும். உள்ளே உலோகத்தின் படிக மணிகள் அடிபட்டுப் பொடிப்பொடியாக, அழகாக இருக்கும். மேல்புறம் மட்டும் அடிக்கு முன்பிருந்த பெரிய மணிகள் அப்படியே கிடக்கும். காரணம் தெரியாமல் இன்று காலை ஹேமர் மெஷின் பக்கத்திலேயே போய் நின்றேன். ஃபோர்மேன் பழனிசாமி வட்டாக அடிக்கவேண்டிய செக்கச்சிவந்த கட்டியை உலையிலிருந்து எடுத்து வைத்து, நிதானமாக மூன்று சுற்றுக் கற்பூரம் காட்டினார். அதற்குள் கட்டியின் மேல்புறம் ஆறிவிட்டது. ஆறியபின் எத்தனை அடித்தாலும் அந்த மணிகள் பொடியாகாது.

"கட்டி உலைக்குள்ள இருக்கறப்பவே பூசைய முடிச்சிரலாமுங்களா?" என்றேன்.

"ஏனுங்க சார், படையல் வெக்காமயே சாமி கும்பிடுவாங்களா?" என்றார்.

நானோ சர்ச்சுக்குப் போகிறவன். இதை மேனேஜரிடம் சொல்லப் போய், வேறு மாதிரிப் பேச்சு கிளம்பினால்...

பஸ் ஏறி வீட்டுக்கு வந்தால் ஜன்னல் வரை பனி. மனைவி ஸ்டெல்லா ஆவி பறக்க இட்லி வைத்தாள். கை நீட்டினேன்.

"ஏஞ் சாமி, ஜெபம் பண்ணாமயேவா?" என்றார் அப்பா.

கண்ணை மூடி, கரடியூர் சித்தப்பாவின் முட்டிவலி வரை ஒன்று விடாமல் ஜெபித்தார். கண்ணைத் திறந்தால் இட்லி விறைத்துக் கிடந்தது.

இட்லி அடுப்பில் இருக்கும்போதே ஜெபத்தை முடித்துவிடலாமே என்று சொல்ல வாயெடுத்தேன். பழனிசாமியின் முகம் நினைவுக்கு வந்தது.

ஆமென் என்றேன்.