ஆற்றங்கரை பெட்ரோல் நிலையமும் என் புருவங்களும்

கிள்ளான், மலேசியா

அன்புள்ள நாகம்மைக்கு,

நலமா? ஆத்தாளுக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம், புருவங்கள்தான் இல்லை.

பயப்படாதே. ஆற்றோரம் மூடிக் கிடக்கும் பழைய பெட்ரோல் நிலையத்தில் மண் சோதனை செய்கிறோம். அங்கே அடுக்குமாடி வரப்போகிறது. நிலத்தடித் தொட்டிகளை எல்லாம் எடுத்தாகிவிட்டது என்றார் பழைய உரிமையாளர். நான் நம்பவில்லை. முதல் துளையிலேயே பெட்ரோல் நெடி. நான் அதைக் குனிந்து பார்க்கும்போது, துளை போடும் பரமேஸ்வரன் வழக்கம்போல அடுத்த துளைக்காக முனியாண்டிக்குக் கற்பூரம் ஏற்றினார். துளையிலிருந்து வந்த பெட்ரோல் ஆவி குப்பென்று பிடித்துக்கொண்டது; என் புருவங்கள் பொசுங்கிவிட்டன.

"சாமி கோவிச்சுக்கிச்சு லா, சார்," என்றார்.

"சாமி இல்லய்யா, கீழ தொட்டி இருக்கு!" என்று கத்தினேன்.

நான் தொழில் பழக்கிய நவீன்தான் இப்போது எனக்கு மேலாளர். "தொட்டி இல்லன்னு ரிப்போர்ட்ல போட்ருங்கண்ணே. அடுத்த மாசம் உங்க கான்ட்ராக்ட் முடியுதுல்ல?" என்றான். குடிவருகிறவர்கள் அந்தப் பெட்ரோல் ஆவியைச் சுவாசிப்பார்களே என்றேன். "அது நம்ம பிரச்சினையாண்ணே?" என்றான். தொட்டி இருக்கிறது என்றே எழுதிக் கையெழுத்திட்டேன்.

ஆகவே அடுத்த மாதம் நான் வீட்டில் இருக்கலாம். இந்த வேலையை வாங்கித் தந்ததை இன்றுவரை சொல்லிக்காட்டும் உன் அண்ணனிடம் சொல்லாதே, சந்தோஷப்படுவார்.

ஊரிலிருந்து வருகிறவர்களிடம் உன் புருவப் பென்சிலைக் கொடுத்தனுப்பு. இங்கே பிரிக்பீல்ட்ஸ் தமிழ்க் கடைகளில் கேட்க வெட்கமாக இருக்கிறது. லோரி ஹாரன் அடிக்கிறது, முடிக்கிறேன். வீடியோவில் வராததற்கு நெட் சரியில்லை என்றேனே, அது பொய்.

உன்,
காசிவிஸ்வநாதன்